தாய்மொழியே புரியாத கைதி

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படை நவாஹோ பழங்குடி மொழியில் ரகசியத் தகவல் அனுப்பியது, ஜப்பானியரால் அதை உடைக்கவே முடியவில்லை என்பது பலரும் கேள்விப்பட்ட கதை. யாருக்கும் தெரியாத மொழி, அதனால் தப்பித்தது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதிக் காரணம்தான். நவாஹோ தெரிந்த ஒருவர் ஜப்பானியர் பிடியிலேயே இருந்தார். பிலிப்பைன்ஸில் சிறைப்பட்ட சிப்பாய் ஜோ கீயோமியா. ஒட்டுக்கேட்ட தகவல்களுக்கு அர்த்தம் சொல்லச் சொல்லி அவரைச் சித்திரவதை செய்தார்கள். காதில் விழுந்தது சொந்த மொழிதான். ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மொழிக்கு மேலே இன்னொரு பூட்டும் போட்டிருந்ததுதான் விஷயம். நவாஹோ மொழியைப் பயன்படுத்தலாம் என்பது, நவாஹோக்களிடையே வளர்ந்த பாதிரியார் மகன் பிலிப் ஜான்ஸ்டன் 1942இல் சொன்ன யோசனை. அதை ஏற்று மரைன் படை சேர்த்துக்கொண்ட 29 நவாஹோ இளைஞர்கள் சான் டியாகோ பக்கம் உட்கார்ந்து சங்கேதத்தை உருவாக்கினார்கள். ஆமை என்றால் டாங்கி, முட்டை என்றால் விமானக் குண்டு, உருளைக்கிழங்கு என்றால் கையெறி குண்டு, இரும்பு மீன் என்றால் நீர்மூழ்கி. இப்படி முதலில் இருநூற்றுச் சொச்சம் சொற்கள். போர் முடிவதற்குள் நானூறைத் தாண்டின.

பட்டியலில் இல்லாத பெயர் வந்தால்? எழுத்துக்கூட்ட வேண்டியதுதான். இங்கேதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. 'ஹில்' என்று அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். குதிரை, பனிக்கட்டி, ஆட்டுக்குட்டி, கால் என்று நவாஹோவில் வரிசையாகச் சொல்வார்கள். கேட்பவர் ஒவ்வொன்றையும் மனசுக்குள் ஆங்கிலமாக்கி, ஹார்ஸ், ஐஸ், லேம்ப், லெக், முதலெழுத்தை மட்டும் எடுத்துக் குறித்துக்கொள்வார். கடைசி இரண்டும் ஒரே எழுத்து. சொல் மட்டும் வேறு. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் எண்ணிப் பார்த்தே எதிரி ஊகித்துவிடுவான் என்று, அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு இரண்டு மூன்று சொற்கள் இருக்கும்படி பிற்பாடு சேர்த்தார்கள். போர்முனைக்குச் சங்கேதப் புத்தகம் எதுவும் போகவில்லை. எல்லாம் மனப்பாடம். கீயோமியாவுக்கு அந்தப் பயிற்சி கிடைத்ததில்லை.

1945 பிப்ரவரியில் ஈவோ ஜீமா தீவில் ஆறு நவாஹோ வீரர்கள் சண்டையின் முதல் இரண்டு நாளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட செய்திகளைப் பிழையில்லாமல் கையாண்டார்கள். குண்டு விழும் இடத்தில் அதைச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதே மொழியைப் பேசியதற்காக அரசு விடுதிப் பள்ளியில் தன் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள் என்று, அந்த 29 பேரில் ஒருவரான செஸ்டர் நெஸ் பின்னாளில் சொன்னார். ஊர் திரும்பியவர்கள் நடந்ததை வீட்டில்கூடச் சொல்லக் கூடாதென்று உத்தரவு. 1968 வரை அது ராணுவ ரகசியம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தங்கப் பதக்கம் 2001இல் வந்தபோது 29 பேரில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் பழங்குடிகளுக்கென ஒதுக்கிய நிலத்தில் வாழ்ந்த மக்களுக்கு ஓட்டுப்போட வழிவிட்டதே 1948இல்தான், அதுவும் நீதிமன்றம் சொன்ன பிறகு.