விலை சொல்லாத பரிசு



திருக்குடும்பத் திருவிழாவான இன்று, கீழேயிருந்து வந்திருக்கும் பிள்ளைகளால் நம் கொல்லிமலைக் கோயில் நிறைந்திருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து சிலர், நாமக்கல் லாரிப் பட்டறையிலிருந்தும் கோழிப்பண்ணையிலிருந்தும் சிலர். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகையில் மற்ற மூட்டைகளையெல்லாம் பஸ்ஸில் எங்கெங்கோ வைத்திருப்பீர்கள். ஒரு பையை மட்டும் மடியிலிருந்து இறக்கியிருக்க மாட்டீர்கள். அதில் அம்மாவுக்கு ஒரு சென்னிமலைப் போர்வை, இல்லையென்றால் அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர். இந்த மார்கழிக் குளிரில் அவர்கள் எப்படி உறங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பொருளைக் கடையில் தேடிய நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நமக்கு என்றால் முதலில் விலையைப் பார்க்கிறோம், பிறகுதான் துணியைத் தொடுகிறோம். அம்மாவுக்கு என்றால் கை முதலில் துணிக்குத்தான் போகிறது. உடம்பில் குத்துமா, துவைத்தால் தூக்க முடியுமா, அடுப்படிப் புகைக்கு இந்த நிறம் தாங்குமா என்றெல்லாம் யோசிக்கிறோம். கடைக்காரர் பத்து போர்வையைப் பிரித்துப் போட்ட பிறகும் மனம் ஒப்பவில்லை. பதினோராவதைப் பார்த்ததும் 'இதுதான்' என்று ஒரு மகிழ்ச்சி வருகிறதே, பிள்ளைகளே, அதையும் நான் செபம் என்றே நினைக்கிறேன். தன்னை மறந்து இன்னொருவரின் குளிரை நினைத்திருந்த நேரம் அல்லவா அது?

வீட்டுக்கு வந்து கொடுத்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி நம் எல்லோருக்கும் தெரியும். "என்ன வெல?" அதற்கு முன்பே பஸ்ஸில் விலைச் சீட்டைக் கிழித்தாகிவிட்டது. "தள்ளுபடில போட்டாங்கம்மா, ரொம்பக் கம்மிதான்" என்கிறோம். இது நம் மண்ணின் பழைய வழக்கம். ஓரி இந்தக் கொல்லிமலையை ஆண்ட காலத்தில், பக்கத்துத் தகடூரில் அதியமான் இருந்தான். நெடுநாள் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனி அவன் கைக்கு வந்தது. அதன் சிறப்பைச் சொன்னால் ஔவை வாங்கமாட்டாள் என்றோ என்னவோ, ஒன்றும் சொல்லாமல் அவளை உண்ண வைத்துவிட்டான். ஔவையே புறநானூற்றில் அதைச் சொல்லி உருகுகிறாள்.

ஆனால் விலையை மறைக்க நமக்கு யார் கற்றுக்கொடுத்தது? சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாவும் மிளகும் சுமந்துபோய் நம் பள்ளிக் கட்டணத்தைக் கட்டியவர்கள் அதை நம்மிடம் கணக்காகச் சொன்னதுண்டா? அம்மாவின் காதில் கம்மல் இல்லாத அந்த வருடம், ஏன் இல்லை என்று நாம் கேட்டோமா?

கேட்கவில்லை என்று மனம் உறுத்துகிறவர்கள் இன்றைய முதல் வாசகத்தை இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள். தந்தைக்கு அறிவு மங்கிப்போனாலும் பொறுமையோடு நடந்துகொள் என்கிறது சீராக்கின் ஞானம். அவருக்குக் காட்டிய பரிவை ஆண்டவர் மறப்பதில்லை, அது நம் பாவங்களுக்குக் கழுவாயாக நிற்கும் என்றும் சொல்கிறது. எத்தனை இரக்கம் பாருங்கள்! காலம் கடந்து செய்கிற நன்மையையும் அவர் எடுத்துக்கொள்கிறார். மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டுப் பெற்றோருக்குச் செய்யாமல் விட்டவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். ஆகவே, "சாமி, உண்டியலுக்கு வைத்திருந்த பணத்தில் அப்பாவுக்குக் கண்ணாடி வாங்கிவிட்டேன்" என்று உங்களில் ஒருவர் வந்து சொன்னால் நான் சந்தோஷப்படுவேன்.

வாங்கிக் கொடுக்க ஆசையிருந்தும், கொடுப்பதற்குப் பெற்றவர் இல்லாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். முதல் சம்பளம் வருவதற்குள் அப்பா போய்விட்டார் என்று என்னிடம் அழுதவர்கள் உண்டு. உங்களுக்காக நம் மலையில் வளர்ந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற தம்பதியர் இந்த மலை மக்களுக்கு மருந்தும் கல்வியும் நற்செய்தியும் கொண்டுவந்தவர்கள். அவர்கள் பாப்டிஸ்ட் சபையினர், நாம் கத்தோலிக்கர். ஆனாலும் அவர்களுக்கு நாமும் கடன்பட்டிருக்கிறோம். மகன் பால் 9 வயதில் படிப்புக்காக 1923-இல் இங்கிலாந்து போனார். 1929-இல் தந்தை இங்கே காய்ச்சலில் இறந்தார். மகனுக்கு அப்போது 15 வயதுகூட நிறையவில்லை. இறப்புச் செய்தி போய்ச் சேர்ந்த பிறகுதான், தந்தை முன்பே எழுதி அனுப்பியிருந்த கடிதம் கப்பலில் போய்ச் சேர்ந்தது. அப்பாவுக்கு ஒரு துண்டுகூட வாங்கிக் கொடுக்க அந்தப் பிள்ளைக்கு வாய்க்கவில்லை.

அவர் மருத்துவராகி 1946-இல் இந்தியாவுக்குத் திரும்பினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். சிறுவனாக இருந்தபோது, தொழுநோயாளர் மூவரின் புண்களுக்குத் தந்தை கட்டுப்போட்டதைத் தள்ளி நின்று பார்த்தவர் அவர். அப்பாவுக்குக் கொடுக்க முடியாத பரிசைத்தான் முகம் தெரியாத அத்தனை பேரின் கைகளிலும் கொடுத்துத் தீர்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்பு போய்ச்சேர ஆண்டவர் வேறு வாசல் திறந்துவிடுகிறார். உங்கள் தெருவில் பிள்ளையில்லாத ஒரு கிழவர் குளிரில் இருக்கலாம்.

பாலின் தாயைப் பற்றியும் ஒரு சொல். ஓய்வு பெற்ற பிறகும் எவலின் அம்மா மலையை விடவில்லை. கால் தளர்ந்த பிறகு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மலைக் கிராமங்களைச் சுற்றினார். கீழே வந்து ஓய்வாக இருங்கள் என்று மகன் கேட்டும் இணங்கவில்லை. 1974-இல், 95 வயதில் இறந்தார். உங்கள் அப்பாவும் திருப்பூர் ஒற்றை அறைக்கு வரமாட்டேன் என்று சாமைக் காட்டையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். கோபப்படாதீர்கள். அவர் விரும்பிய இடத்தில் அவரை இருக்கவிட்டு, அடிக்கடி ஏறி வாருங்கள். கடையில் கிடைக்காத பரிசு அது.

இந்த ஆண்டு வேலை போய் வெறுங்கையோடு வந்தவர்களே, தலைகுனிய வேண்டாம். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்கள் இரண்டு புறாக்களைக் கொடுத்தால் போதும் என்று மோசேயின் சட்டம் சொன்னது. மரியாவும் யோசேப்பும் குழந்தை இயேசுவைக் கோயிலுக்கு எடுத்துப்போனபோது அந்த ஏழைகளின் காணிக்கையைத்தான் கொடுத்தார்கள். கடவுளின் தாயே கொடுத்த காணிக்கை அதுதான்.

திருப்பலி முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க உடனே ஓடிவிடாதீர்கள். பெற்றோர் இருப்பவர்கள் அவர்களிடம் நெற்றியில் சிலுவை வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களை இழந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். நம் பங்கின் மூத்த தாய்மார்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களுக்குச் சிலுவை வரைய அவர்களிடம் கேட்டிருக்கிறேன்.