மைனாகம் போல ஓர் இல்லம்!

கொலு வைத்து, சுண்டல் விநியோகித்து, ஆயுத பூஜை முடித்து நிமிர்ந்தால் தீபாவளி வாசலில் வந்து நிற்கும். பட்சணம், புதுத்துணி என்று வீடே அமர்க்களப்படும்! ஆனால், இதே நாட்களில்தான் வேலைக்குப் போகிறவர்களின் சுமையும் இரண்டு மடங்காகிறது.

ஜவுளிக்கடைப் பெண் காலையில் நிற்க ஆரம்பித்தால், கடை சாத்தும் வரை கூட்டம் குறையாது. சிறப்புப் பேருந்தின் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் ஊரே கிளம்பும் நாளில்தான் முழுநேரப் பணி. நம் வீட்டுப் பிள்ளைக்கும் மருமகளுக்கும், 'லீவு போடுவதற்குள் இதை முடித்துவிட்டுப் போ' என்று அலுவலகத்தில் நெருக்கடி.

களைத்துப் போய் வீட்டுக்குள் நுழையும்போது, 'பண்டிகையும் அதுவுமா இவ்வளவு நேரமா?' என்று நாமும் கேட்டுவிட்டால்..? அவர்கள் எங்கேதான் போவார்கள்!

சுந்தர காண்டம் பாராயணம் செய்யும் சகோதரிகளுக்கு மைனாக மலையைத் தெரியாமல் இருக்காது. முதல் சர்க்கத்திலேயே வந்துவிடுகிறது அந்தக் கட்டம்.

சீதாபிராட்டியைத் தேடி அனுமன் கடலைத் தாண்டுகிறார். 'ராம காரியமாகப் போகிறவர் சற்றே இளைப்பாறட்டும்' என்று நினைக்கிறான் சமுத்திரராஜன். தன்னுள் இருந்த மைனாகத்தை மேலே எழச் சொல்கிறான். பொன்மயமான அந்த மலையும் ஆசையோடு எழுகிறது. அனுமனோ அதை ஒரு தடை என்று எண்ணி, மார்பால் மோதித் தள்ளிவிட்டார்!

உபசரிக்க வந்த இடத்தில் இப்படி ஓர் இடி. மைனாகம் கோபித்துக்கொண்டதா? இல்லை. அவருடைய வேகத்தைக் கண்டு மகிழ்ந்தது. மனித வடிவில் சிகரத்தின் மீது நின்று, 'கனிகளும் கிழங்குகளும் இருக்கின்றன. களைப்பாறிச் செல்லலாமே' என்று கனிவாக அழைத்தது. 'உன் அன்பே போதும், இடையில் தங்குவதில்லை என்று வாக்களித்திருக்கிறேன்' என்று சொல்லி, மலையைக் கையால் தொட்டுவிட்டுப் பறந்தார் அனுமன்.

அவர் அங்கே உட்காரவும் இல்லை. ஒரு கனியைக்கூட உண்ணவில்லை. ஆனாலும், 'இளைப்பாறு' என்று சொன்ன அந்த மனதுக்காகவே மைனாகத்துக்கு அபயம் அளித்தான் இந்திரன். ஒரு காலத்தில் மலைகளின் சிறகுகளை வெட்டியவன் அவன்தான். அவனே மனம் குளிர்ந்தான் என்றால், உழைப்பவருக்கு ஓய்வு கொடுக்க நினைப்பது எத்தனை பெரிய புண்ணியம்!

வேலை நெருக்கடியோடு வீடு திரும்புகிறவர்களும் சில நேரம் அப்படித்தான். நாம் அக்கறையோடு கேட்கும் கேள்வியே அவர்களுக்கு இன்னொரு தடையாகத் தோன்றும். 'சும்மா இரும்மா!' என்று எரிந்து விழுவார்கள். அந்த நேரத்தில் மைனாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு டம்ளர் சூடான பால், விசாரிப்பதெல்லாம் பிறகு.

ஆயுத பூஜையன்று சுத்தியல், அரிவாள்மணை, புத்தகம், கம்ப்யூட்டர் என எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். மறுநாள் விஜயதசமியில் மறுபூஜை முடியும் வரை அவற்றைத் தொடுவதில்லை. கருவிக்கே ஒரு நாள் ஓய்வு தருகிற மரபு நம்முடையது. அதைப் பிடித்து உழைத்த கைக்கு ஓய்வு வேண்டாமா?

மருமகள் வேலைக்குப் போகிறவள் என்றால், அவள் வந்த பிறகு விளக்கேற்றிப் பூஜையை வைத்துக்கொள்ளலாம், அம்பாள் காத்திருப்பாள். ஐந்து பட்சணம் செய்கிற இடத்தில் இரண்டு போதும். 'அம்மாடி, நீ கொஞ்சம் படு, இதை நான் பார்த்துக்கறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அதுவே நைவேத்தியம்!

கடைக்குப் போகிற இடத்திலும் மைனாகமாக இருக்கலாம். கடை ஊழியர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கக் கூடாது, அவர்களுக்கு இருக்கை வசதி செய்து தரவேண்டும் என்று 2021-ல் தமிழகத்தில் சட்டத் திருத்தமே வந்தது. 2018-ல் கேரளாவிலும் இப்படித்தான். ஆனால், வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது அந்தப் பெண் எப்படி உட்காருவாள்? 'உட்கார்ந்தே எடுத்துக் காட்டும்மா, எனக்கு அவசரமில்லை' என்று நாம்தான் சொல்லவேண்டும். கடை சாத்தும் நேரத்தில் போய் நாற்பது புடவைகளைப் பிரிக்கச் சொல்லாமல் இருப்பதும் தர்மம்தான்.

முக்கியமான ஒன்று. வீட்டில் ஒருவர் பல நாட்களாகத் தூக்கமில்லாமல், சாப்பாடு பிடிக்காமல், காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தால், 'கண் திருஷ்டி' என்று சுற்றிப் போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். தயங்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நம் பிரார்த்தனை அங்கேயும் கூடவே வரும்.

அனுமனின் பயணத்தில் சுரசையும் சிம்மிகையும் வழிமறித்தது மைனாகத்துக்குப் பிறகுதான். நம் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கும் வெளியே எத்தனையோ சோதனைகள் உண்டு. அவற்றுக்கு முன்பாக, கை வைத்துத் தொட்டுவிட்டுப் போக ஒரு பொன்மலை வேண்டும்.

இந்தப் பண்டிகைக் காலத்தில் அந்த மலையாக நாம் எழுந்து நிற்போம். ஆஞ்சநேயர் அருள் தானே வந்து சேரும்!