டீச்சர் சாப்பிட்டவ

"அது சாப்பிட்டுதோ?"

முதியோர் இல்லமொன்றில் அண்மையில் என் காதில் விழுந்த கேள்வி இது. கட்டிலில் படுத்திருந்தவர் எண்பதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. கேட்டவரோ பார்க்க வந்திருந்த சொந்தப் பெறாமகன். "டீச்சர் இரண்டு இடியப்பம் சாப்பிட்டவ" என்று மறுமொழி சொன்னாள் பணிப்பெண்.

நம் பேச்சிலே நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் உண்டு. ‘அது’ இவை எல்லாவற்றிற்கும் கீழே. குழந்தையைச் செல்லமாக ‘அது’ என்கிறோம். குற்றமில்லை, நாளைக்கு அது ‘அவர்’ ஆகிவிடும். ஊரே எழுந்து நின்று வணங்கிய ஒருவரை ‘அது’ ஆக்குவது வேறு விஷயம்.

"ஞாபகமே இல்லாதவருக்கு எந்தச் சொல்லானால் என்ன?" என்பார் உளர். ஞானஸ்நானத் தொட்டியருகே நடப்பதை அவர்கள் சற்று நினைத்துப் பார்க்கட்டும். பிள்ளைக்கு என்ன பெயர் என்றுதான் குருவானவர் முதலில் கேட்கிறார். பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. இருந்தும் பெயர் சொல்லியே தண்ணீர் வார்க்கிறார். விளங்காத பருவத்தில் திருச்சபை தந்த பெயரை, இப்போது விளங்கவில்லை என்று சொல்லிப் பறிக்க நாம் யார்? சீராக் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரம் தந்தையின் அறிவு குன்றும் காலத்தையே குறிப்பிட்டு, அப்பொழுதும் அவரை இகழாதே என்கிறது.

1839 இல் பிரான்சு தேசத்தில் பார்வையிழந்த ஏழை விதவை ஒருவருக்குத் தன் கட்டிலையே கொடுத்தவர் ழான் ஜுகான். ஏழைகளின் சின்னச் சகோதரிகள் சபை அப்படித்தான் தொடங்கியது. 2009 இல் அவர் புனிதராக்கப்பட்டார். ஆனால் தமது கடைசி இருபத்தேழு வருடங்களை, சபையைத் தொடங்கியவர் இவர்தான் என்று அறியாத இளம் கன்னியர் நடுவே கழித்து, 1879 இல் மறைந்தார். முதியவரின் வரலாறு அவர் நெற்றியில் எழுதியிராது. வீட்டார்தான் சொல்ல வேண்டும். இல்லத்தில் சேர்க்கும்போது நோயையும் மருந்தையும் ஒழுங்காகச் சொல்கிறோம். ‘அப்பு’ என்றால் மகிழ்வாரா, ‘மாஸ்டர்’ என்றால் மகிழ்வாரா என்பதைச் சொல்வதில்லை. ‘குஞ்சு, ஆ காட்டு’ என்று கொஞ்சுவதும் அன்புதான். எல்லோருக்கும் அது ஒத்துவராது.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நம் நாட்டில் பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கலாம். சோற்றுக்குச் சட்டமுண்டு, சொல்லுக்கு இல்லை.

பணிப்பெண்ணின் மறுமொழி உறைத்ததோ என்னவோ, புறப்படும்போது அந்தப் பெறாமகன் குனிந்து, "பெரியம்மா, போட்டு வாறன்" என்றார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னுமொருமுறை சொன்னார்.