வெள்ளம் வடியும் வரை

மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையைத் திருச்சிக்காரர்கள் பெரும்பாலும் பாட்டி மடியிலேயே கேட்டுவிடுகிறோம். பேறுகாலம் நெருங்கிய ரத்தினாவதி, பூம்புகாரிலிருந்து அம்மா வருவாள் என்று காத்திருக்கிறாள். காவிரியில் வெள்ளம், அம்மா அக்கரையில் நின்றுவிடுகிறாள். சிவன் அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்க்கிறார். சுகப்பிரசவம் ஆனவர்கள் இன்றும் அங்கே வாழைத்தார் படைக்கிறார்கள். கதையை அதோடு முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதற்குப் பின்னால் வரும் துண்டுதான் வெகுநாளாக உறுத்துகிறது. வெள்ளம் வடிகிறது. பெற்றவள் வாசலில் வந்து நிற்கிறாள்.

ஸ்ரீரங்கத்து உத்திர வீதியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பெண். பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் அடுக்களைச் சத்தத்தைக் கேட்பாள். பாத்திரம் மெதுவாக வைக்கப்பட்டால் உள்ளே ஓடலாம். நங்கென்று விழுந்தால் திண்ணையிலேயே வீட்டுப்பாடம். காலையில் "நீதான்டி என் உசுரு" என்று கட்டிக்கொண்ட அம்மா, சாயங்காலம் "நீயும் உங்கப்பன் மாதிரிதான், என்னை விட்டுட்டுப் போயிடுவ" என்று கதறுகிறாள். அப்பா வர அரை மணி தாமதமானால்கூட, தன்னைக் கைவிட்டுவிட்டார் என்றே அம்மாவுக்குத் தோன்றும். உறவினர்கள் "கோவக்காரி" என்றார்கள். பிறகு மனநோய் தீரும் என்று நம்பி குணசீலம் கோயிலுக்கு அழைத்துப் போய் ஒரு மண்டலம் தங்கவைத்தார்கள். கடைசியில்தான் மனநல மருத்துவர். அவர் சொன்னது, பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிசார்டர்.

நம் ஊரில் இந்தப் பெயரே ஒரு வம்பு. "சுகர் பார்டர்ல இருக்கு" என்றால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அதனால் வீட்டார் ஆறுதலாக மூச்சு விடுகிறார்கள். 1938-ல் அடால்ஃப் ஸ்டெர்ன் இந்தச் சொல்லைக் கையாண்டது, அன்று அறிந்திருந்த இரண்டு வகை மனநோய்களின் எல்லையில் நின்றவர்களைக் குறிக்க. நோய் லேசானது என்று சொல்ல அல்ல. உணர்ச்சி சட்டென்று பொங்கும், பொங்கினால் அடங்க வெகுநேரம் ஆகும். கைவிடப்படுவோமோ என்ற பயம் எந்நேரமும் கூடவே இருக்கும். அதற்காகத் தீராத நோய் என்றும் இல்லை. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனை 290 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில், 10 ஆண்டுகளுக்குள் 93 சதவீதம் பேருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது அறிகுறிகள் தணிந்திருந்தன. நல்ல செய்திதான். ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்குப் பத்தாண்டு என்பது மிச்சமிருக்கிற குழந்தைப் பருவம் முழுவதும். அதுவரை அது எங்கே நிற்கும்?

அப்பாவின் பக்கத்தில்தான். (நோய் அப்பாவுக்கு, நிற்பவள் அம்மா என்றும் இருக்கலாம்.) அந்த அப்பாவுக்கு இரண்டு வாக்கியங்கள் எளிதாக வாயில் வரும். ஒன்று, "ஒண்ணுமில்ல, அம்மாவுக்குத் தலைவலி." குழந்தை தன் காதால் கேட்டதையே நம்பாமல் போவது இப்படித்தான் தொடங்குகிறது. இன்னொன்று, "உங்கம்மா மென்டல்." அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் மூக்கு, அம்மாவின் சிரிப்பு. திட்டு பாதி அவள்மேலும் விழும். வழக்கறிஞரிடம் போகும்போது நோயின் பெயரை ஆயுதமாக எடுத்துப் போகிற கணவர்களும் உண்டு. மருத்துவர் சொல்லாமலே மனைவிக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்களும் உண்டு. அது வேறு வியாதி.

சொல்ல வேண்டியது சின்னது. "கண்ணு, அம்மா மனசுல இப்ப வெள்ளம். நீ செஞ்சதால வரலை. நீ சமத்தா இருந்தா நின்னுடும்னும் இல்ல. வா, சாப்பிடலாம்."

இதில் மிக முக்கியமானது கடைசி வாக்கியம் என்பேன். ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். நோயும் சண்டையும் வறுமையுமான வீடுகளிலிருந்து தேறி வந்தவர்களுக்கெல்லாம், பெற்றவரோ பாட்டியோ பக்கத்து வீட்டாரோ, நிலையான ஒரு பெரியவராவது இருந்தார். நிலை என்பது வீரம் அல்ல. எட்டு மணிக்குச் சோறு, சொன்ன நேரத்துக்குப் பள்ளி வாசலில் சைக்கிள். "இந்த வயசுல என்ன பொறுப்பு!" என்று உறவினர்கள் அந்தப் பெண்ணை மெச்சும்போது பூரிக்காமல் இருப்பதும் அதில் சேரும். அம்மாவுக்குக் காபி போட்டு, கண்ணீர் துடைத்து, மாத்திரை எண்ணும் எட்டு வயது, பொறுப்பு அல்ல, சுமை. அடி விழும்போதும், அம்மா தன்னையே காயப்படுத்திக்கொள்ளும்போதும் அவள் அந்த வீட்டில் இருக்கவே கூடாது. எந்தப் பாட்டி வீட்டுக்கு ஓட வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தாங்குகிறவரும் உடைவார். வெள்ளத்தைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிட்டு காவிரிப் பக்கத்தைக் காத்துவந்த முக்கொம்பு மேலணை, 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டியது. 2018 ஆகஸ்ட் 22 இரவு அதன் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அப்பாவுக்கும் பேச ஒரு ஆள் வேண்டும். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் எடுக்கும். நள்ளிரவில் அதை அழைப்பதில் வெட்கம் எதற்கு?

இனி அந்தக் கதைத் துண்டு. பெற்றவள் வாசலில் நின்றபோது, தாயாக வந்தவர் என்ன செய்தார்? "நீ எங்கே போயிருந்தாய்" என்று கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு நானே போதும் என்றும் சொல்லவில்லை. மறைந்துவிட்டார். அவ்வளவு நாளும் அவர் அந்தத் தாயின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை, அவளுக்காக வைத்திருந்தார்.

கடவுளால் மறைய முடியும். உத்திர வீதி அப்பாவால் முடியாது. வெள்ளம் மறுபடி வரலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அம்மா முகம் கழுவி, நெற்றிக்கு இட்டு, சீப்போடு வந்து உட்காருகிறாள். "வாடி, பின்னிவிடறேன்." பெண் அப்பாவைப் பார்க்கிறாள். அவர் தலையாட்டுகிறார். பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போகிறார். கதவைச் சாத்தவில்லை.