விற்ற பொருளும் விடாத வினையும்

2022 மார்ச் 26 அன்று புனேயில் ஓர் ஓலா எஸ்1 ப்ரோ மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து எரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி ஆலையின் வண்டி அது. அடுத்த மாதமே அதே தொகுதியைச் சேர்ந்த 1,441 வண்டிகளைச் சோதனைக்காக நிறுவனம் திரும்ப அழைத்தது; இது தனித்த சம்பவமாகவே தெரிகிறது என்று சொல்லிக்கொண்டேதான் அழைத்தது. 2023 மே மாதம் அமெரிக்காவில் டார்கெட் நிறுவனம், தான் விற்ற கண்ணாடிக் குடுவை மெழுகுவத்திகளில் சுமார் 49 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. எரியும்போது குடுவை விரிசல் விட்டு உடைகிறது என்பது புகார். தீங்கு நினைக்காமல் செய்து, காசு வாங்கி, கைமாற்றிவிட்ட பொருளில் பிழை இருந்தால் அந்த வினை யார் கணக்கு?

நம் சமயங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பாலி பௌத்த நூல்களில் உபாலி சுத்தம் இதன் அடிப்படைக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது: உடலால் செய்வதே கனத்த வினை என்கிறது சமணத் தரப்பு, மனத்தால் நினைப்பதே கனத்தது என்கிறார் புத்தர். தமிழில் சமணக் காப்பியத் தலைவி நீலகேசி, ஊன் உண்பதை முன்னிட்டு பௌத்தரோடு இதே சண்டையைத் தொடர்கிறாள். நினைப்பு மட்டுமே அளவுகோல் என்றால் ஆலைக்காரர் முழு நிரபராதி. செயல் மட்டுமே என்றால் உலகில் யாரும் எதையும் செய்து விற்க முடியாது. எனக்கு உதவுவது சமணரின் தத்துவார்த்த சூத்திரம் நடுவில் வைக்கும் சொல்: அசட்டை. கவனமின்றி நடந்து உயிரைப் போக்குவதே அங்கே இம்சை. அப்படியானால் பிழை தெரியவரும் நாள்தான் முக்கியம். அதுவரை கவனத்தோடு செய்தவர் மீது பழியில்லை. தெரிந்த பின் சும்மா இருப்பது புதிய வினை; அதில் நினைப்பும் கலந்துவிடுகிறது. பரிகாரம் தீங்கு நடந்த பின் செய்தவரின் மனத்தை ஆற்றுவது. திரும்ப அழைப்பதோ இன்னும் எரியாத வண்டிக்காக, முகம் தெரியாத ஒருவருக்காகச் செய்வது. அதனால் அதை நான் பரிகாரத்துக்கு மேலே வைப்பேன்.

பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்கிறதே என்பார்கள். நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் வாதம். பற்றை விடு என்றது லாபத்தைப் பற்றி; பிறர் மேல் விழும் சேதத்தைக் கண்டுகொள்ளாதே என்று அதற்குப் பொருள் கொள்வது வசதியான வாசிப்பு. மெழுகுவத்தியின் திரியை வெட்டாமல், அடிவரை எரியவிட்டவர் மேல் தவறில்லையா? உண்டு. ஆனால் குடுவையின் பலவீனமோ பேட்டரிக்குள் இருக்கும் கோளாறோ வீட்டில் எவர் கண்ணுக்கும் தெரியாது. தொகுதி எண் செய்தவரிடம்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது, பிறகு இதில் சமயத்துக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். பிழை அரசின் காதுக்கு எட்டிய பின்னரே சட்டம் அசையும். செய்தி முதலில் எட்டுவது ஆலைக்குள்.

கடினமான ஆட்சேபம் வேறு. வினைக்கோட்பாடு தனி உயிரைப் பற்றியது. கம்பெனிக்கு உயிர் ஏது? ஓசூர் சிப்காட்டில் ஒரு வண்டி எத்தனையோ கைகளைக் கடந்து வெளியே வருகிறது. பழியைப் பங்குபோட்டால் ஆளுக்கு ஒரு துளிகூட மிஞ்சாது. ஆனால் அறிந்ததைக் கொண்டு அளந்தால் அந்தக் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். சோதனை அறிக்கையைக் கண்ணிலேயே காணாத ஒப்பந்தத் தொழிலாளியின் கணக்கில் அது ஏறாது. படித்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியவர் கணக்கில் ஏறும், அவர் வேறு கம்பெனிக்கு மாறிப்போன பிறகும்.