கொள்ளி வைப்பவருக்கா காணி?

"கொள்ளி வைக்கிறவனுக்குத்தான் சொத்து." அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பேச்சு நிலத்தின் பக்கம் திரும்பும்போது யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லிவிடுவார். மகள் வாயடைத்துப்போவாள். சட்டம் என்றால் எதிர்த்து வாதாடலாம். அப்பா கரையேறுவதைப் பற்றிய பேச்சில் எப்படிக் குறுக்கிடுவது?

சாத்திரம் உண்மையில் அப்படித்தான் சொல்கிறதா?

தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களின் சொத்துரிமையை நெடுங்காலம் ஆண்டது மிதாட்சரம். சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில், கல்யாணி நகரில், யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் எழுதிய உரை அது. நெருங்கிய உறவு எதனால் வருகிறது என்ற கேள்விக்கு, ஒரே உடலின் கூறுகளைப் பகிர்ந்துகொள்வதால் என்றார் அவர். பிண்டம் வைப்பதை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. அப்பாவின் உடற்கூறு மகனிடம் இருப்பதுபோலவே மகளிடமும் இருக்கிறது.

பிண்டத்தையே அளவுகோலாகக் கொண்டது வங்காளத்துத் தாயபாகம். ஜீமூதவாகனர் இயற்றியது. அதுகூட மகளை முற்றாகத் தள்ளவில்லை. அவள் வயிற்றுப் பேரன் தாத்தாவுக்குப் பிண்டம் வைப்பானே என்று இடம் கொடுத்தது.

விஞ்ஞானேசுவரர் தம் தர்க்கத்தின் கடைசிப் படிவரை போகவில்லை என்பதும் உண்மை. பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையை ஆண் வாரிசுகளுக்கே வைத்தார். ஆனால் பாகம் பிரியும்போது மணமாகாத சகோதரிக்குக் கால் பங்கு தரவேண்டும் என்ற விதிக்கு உரை எழுதும்போது, அது கல்யாணச் செலவுக்கான பணம் மட்டுமே என்ற கருத்தை மறுத்து, உண்மையான பங்கு என்று வாதிட்டார். "அவளுக்குத்தான் கல்யாணத்துக்குச் செஞ்சாச்சே" என்று இன்றும் சொல்கிறவர்களுக்கு அந்த உரையிலேயே பதில் இருக்கிறது. பெண்ணுக்கு வாரிசுரிமையாக வந்த சொத்தையும் அவர் சீதனத்தில், அதாவது அவளுக்கே சொந்தமான சொத்தில், சேர்த்தார். அதை ஏற்க மறுத்து, அவள் ஆயுள்வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது என்று சுருக்கியது லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம்தான் அந்தக் கட்டை அவிழ்த்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி பொதுமேடைக்கு வந்து வெகுகாலமாகிறது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989-இல், மாநிலச் சட்டம் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது. அதற்குமுன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் நடுவண் சட்டம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. அந்தச் சட்டம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

2022 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கிலேயே பிறந்தது. 1938-இல் நீதிமன்ற ஏலத்தில் நிலம் வாங்கியவர் 1949-இல் இறந்தார், மகன் இல்லை. நிலம் மகளுக்கா, உடன்பிறந்தார் மகனுக்கா? நீதிபதிகள் பழைய ஸ்மிருதிகளையும் உரைகளையும் புரட்டி, 1956-க்கு முந்தைய இந்து சட்டத்தின்படியே, தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்து மகளுக்கு என்றார்கள்.

நீத்தார் கடன் என்பது பிள்ளை பெற்றோருக்குச் செய்யும் கடமை. தென்புலத்தாரைப் பேணுவதை வள்ளுவரும் இல்வாழ்வானின் அறமாகவே வைத்தார். அதற்கு ஈடாக நிலம் கேட்கும்போது கடமை கூலியாகிவிடுகிறது. இறந்தவருக்கு அதைவிட அவமரியாதை வேறில்லை.

இன்று மகளின் பங்கு பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் கைமாறுகிறது. பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம் முன்கூட்டியே தட்டச்சாகி இருக்கும். பேச்சு நடந்தது அண்ணனோடும் பெரியப்பாவோடும். அவளை வரச்சொன்னது கையெழுத்துக்கு. மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் வராது. அந்தப் பயத்தில் படம் எடுத்து, ரேகை வைத்து, பஸ் ஏறிவிடுவாள்.

பதிவான விடுதலைப் பத்திரத்தை, ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று உடைக்க வேண்டுமானால் சிவில் நீதிமன்றம் ஏறி நிரூபிக்க வேண்டும், ஆண்டுகள் ஓடிவிடும். ஆகவே அக்காமார்களே, தங்கைமார்களே, அந்தத் தாளை முந்தின நாளே கேட்டு வாங்குங்கள். வீட்டில் உட்கார்ந்து முழுக்கப் படித்த பிறகு முடிவெடுங்கள்.