தேவையின் அளவும் ஆசையின் அளவும்

இல்லத்தில் பல்லாண்டுகள் பாட்டும் செய்தியும் கேட்பித்த ஸ்டீரியோ ரிசீவர் ஒருநாள் முதுமையெய்துகின்றது. ஒரு பக்கத்து ஸ்பீக்கர் அடிக்கடி மௌனமாகின்றது; ஒலிக்குமிழைத் திருகினால் கரகரப்பு எழுகின்றது. அப்பொழுது எழும் வினா எதனை வாங்குவது என்பது மட்டுமன்று. எவ்வளவு போதும் என்பதுமாகும். இச்சிறு வினாவிலேயே மனிதமனம் தன்னை ஏமாற்றிக்கொள்ளும் வழியை நாம் காணலாம்.

முதற்கண், பழைய கருவியின்மீது நாம் சுமத்தும் குற்றம் மெய்தானா என்று ஆராய்தல் வேண்டும். குமிழின் கரகரப்புப் பெரும்பாலும் உள்ளே படிந்த அழுக்கினால் வருவது. துப்புரவு செய்தால் நீங்கும். ஒலி அறுபடுதல் ரிலேயின் முனைகள் கறுத்ததாலோ, கம்பி தளர்ந்ததாலோ நேரலாம். கண்டென்சர்கள் நாளடைவில் உலர்ந்து வலுவிழப்பதும் இயல்பே. அவற்றை மாற்றுதல் கூடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அவற்றில் மின்னூட்டம் தங்குமாதலின், இப்பணி தேர்ந்த தொழிலாளர்க்கே உரியது. புதியதன்மேல் ஆசை பிறந்தபின் பழையதன் சிறு குறையும் பெருங்குற்றமாகத் தோன்றும். ஆசை முன்னே நடக்கும். காரணம் பின்னே தேடப்படும்.

பழுதுபார்க்கும் செலவு புதியதன் விலையை நெருங்குமாயின், அல்லது உதிரி உறுப்புகள் கிடையாவாயின், மாற்றுதலே அறிவுடைமை. ஆயின் எதனை வாங்குவது? கடையில் ஏழு ஸ்பீக்கர்களை இயக்கும் கருவியும் உண்டு. இரண்டினை மட்டும் இயக்கும் எளிய கருவியும் உண்டு. வாட் எண்ணிக்கை பெரிதாயிருத்தல் கண்டு நாம் மயங்குகிறோம். 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்லே. செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறக்குறையப் பத்துமடங்கு ஆற்றல் வேண்டும். சிறிய அறையில் அமைதியாகக் கேட்பார்க்குப் பெரும்பான்மை நேரம் ஓரிரு வாட்டே செலவாகின்றது. எஞ்சியதற்கு நாம் கொடுக்கும் விலை, செவிக்காகவன்று. வீட்டுக்கு வருவோரின் கண்ணுக்காக.

அங்ஙனமாயின் மலிவானதே அறமோ? அன்று. இசைத்தட்டுக் கேட்பவர்க்கு அதற்குரிய இணைப்பு வேண்டும். ஸ்பீக்கரின் ஓம் அளவு கருவிக்குப் பொருந்தவும் வேண்டும். இவற்றை நோக்காது விலை குறைந்ததென வாங்குவோர் மறுமுறையும் வாங்க நேரும். எளிமையைப் பிறர்க்குக் காட்டிப் பெருமை கொள்வதும் ஆடம்பரத்தின் மற்றொரு வடிவமே. அளவுகோல் விலையன்று, பயனே.

இன்னுமொரு கடமை உண்டு. பழைய கருவிகளின் பற்றவைப்பில் ஈயம் கலந்திருக்கும். அவற்றைக் குப்பையில் எறிந்தால், செம்புக்காகக் கம்பியை எரிக்கும் ஏழைத் தொழிலாளியின் நுரையீரலே அதன் விலையைச் செலுத்துகின்றது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் வழியே இக்கழிவு செல்லவேண்டுமென வகுத்துள்ளன. இயங்கத்தக்கதாயின், தேவைப்படுவோர்க்கு அளித்தல் அதனினும் நன்று.

ஆகவே அன்பர்களே, வாங்குமுன் மூன்றினை வினவுவோம்: பழையது உண்மையிலேயே பயனற்றதா? புதியதில் நாம் பயன்படுத்தப்போவது எவ்வளவு? நாம் நீக்கும் பொருள் எவர் கையில் சேரும்? இம்மூன்றிற்கும் நேர்மையாய் விடையிறுப்போர், எளிய கருவியிலும் நிறைவாய்ப் பாட்டுக் கேட்பர்.